ஒரு பிள்ளை, பல கிளினிக்

மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைக்குப் பல வேளைகளில் வலிப்பும், விழுங்குவதில் இடர்ப்பாடும் சேர்ந்தே இருக்கும். படுத்தபடி ஊட்டினால் உணவு சுவாசப்பைக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம், உயிருக்கே ஆபத்து. நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாக ஊட்டும் முறையைப் பேச்சுச் சிகிச்சையாளரே கற்றுக்கொடுப்பார். (பேச்சுக்கு மட்டுந்தான் அவர் என்று பலர் எண்ணுகின்றனர்.) வலிப்புக்கு ஒரு நாள், உடற்பயிற்சிக்கு வேறொரு நாள் என்று பிள்ளையைச் சுமந்து பஸ் ஏறும் தாய் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, சுகாதார சேவை அவர்களது ஊருக்கு இயன்றளவு அருகிலேயே, கிராமங்களிலும், கிடைக்கவேண்டும் என்கிறது. புதுக் கட்டடம் பிறகு வரட்டும். வைத்தியரும் சிகிச்சையாளர்களும் ஒரே நாளில் பிள்ளையைப் பார்க்க ஓர் அறை போதும். நமது பங்கு மண்டபங்கள் வாரநாட்களில் பூட்டித்தானே கிடக்கின்றன?