பழைய படகுப் பாயைப் பயன்படுத்தும் முறை

தமிழில் 'பாய்' என்னும் சொல் தரையில் விரிப்பதையும் குறிக்கும். படகில் காற்றை ஏற்பதையும் குறிக்கும். நமது மாநிலத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. கட்டுமரங்களும் வள்ளங்களும் தூத்துக்குடித் தோணிகளும் முற்காலத்தில் பாய் விரித்தே ஓடின. இயந்திரங்கள் பெருகியபின் பாய்களின் தொகை குறைந்துவிட்டது. ஆயினும் கிழிந்து நைந்த பாய்கள் கரையோரச் சிற்றூர்களில் சுருட்டிப் போடப்பட்டு, கேட்பாரின்றிக் கிடப்பதுண்டு.

இனி, உள்நாட்டு உழவரின் நிலையை நோக்குவோம். குறுவை அறுவடையின் பிற்பகுதியும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் ஐப்பசியில் நெருங்கி வருகின்றன. போதிய விரிப்பு இல்லாதவர் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைக்கிறார். ஒரு மழை பெய்தால் பல மாத உழைப்பு நனைந்து முளைவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது விதி. நல்ல விரிப்பு ஒன்று கைவசம் இருந்தால் நெல்லை விரைந்து வாரவும் மூடவும் இயலும். கடலில் ஓய்ந்த பாய் இவ்விடத்தில் உதவும். ஆனால் அதனைப் பக்குவம் செய்யாமல் உபயோகித்தால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். ஆகவே, அதன் முறைகளை வரிசையாகக் கூறுவோம்.

1. துணியின் இனத்தை அறிதல்

பாய்த்துணி காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஐரோப்பியர் நெடுங்காலம் சணல், ஆளி ஆகியவற்றின் நாரால் நெய்த கித்தானையே பயன்படுத்தினர். 1851-இல் ஆங்கில நாட்டுப் படகுகளைப் பந்தயத்தில் வென்ற 'அமெரிக்கா' என்னும் படகு பருத்திப் பாய் கட்டியிருந்தது. 1941-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலியெஸ்டர் இழை, 1950-களிலிருந்து பாய்த்துணியாகப் பரவியது.

நம் கையிலுள்ளது எவ்வினம் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, வெட்டவெளியில் தீயில் காட்டுக. பருத்தியாயின் காகிதம் எரியும் வாடையுடன் எரிந்து சாம்பலாகும். செயற்கை இழையாயின் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணிபோல் நிற்கும். இந்த வேறுபாட்டை மறவாதிருக்க வேண்டும். பின்வரும் உபயோகங்கள் இதனைப் பொறுத்தே அமைகின்றன.

2. உப்பை நீக்குதல்

கடற்பாயில் உப்பு ஊறியிருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்பினது. கழுவாத பாயின்மேல் நெல்லைப் பரப்பினால், காய வேண்டிய தானியம் விரிப்பிலிருந்தே ஈரம் ஏற்கும். ஆகையால் பாயை நன்னீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசி, பின்னும் மூன்று முறையாவது நீரை மாற்றி அலசுதல் அவசியம். காய்ந்தபின் வெண்பூச்சுத் தோன்றினாலும், பனிக்காலைகளில் தொட்டுப் பார்க்கையில் பிசுபிசுத்தாலும் உப்பு எஞ்சியுள்ளது எனக் கொள்க. அலசிய உப்புநீரை வயலிலோ, குளத்திலோ, கிணற்றோரத்திலோ ஊற்றலாகாது.

3. வலிமையைச் சோதித்தல்

துணியின் பல இடங்களில் இரு கைகளாலும் பற்றி வலுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர்களால் செயற்கை இழை நாளடைவில் பலமிழக்கும். எளிதில் கிழிந்தாலோ, தேய்த்தால் தூளாக உதிர்ந்தாலோ அப்பகுதியை வெட்டி நீக்குக. உதிரும் துணியை உணவுப் பொருளின் அருகில் கொண்டுவரவே கூடாது. அத்தூள் நெல்லிலும் மண்ணிலும் கலந்துவிடும். தார், வர்ணம், பூஞ்சைத் தடுப்பு மருந்து ஆகியவை பூசிய பாயும் தானியத்துக்கு ஆகாது.

4. வெட்டித் தைத்தல்

பாய் பெரும்பாலும் முக்கோண வடிவினது. அதனுள் ஒரு நீள்சதுரத்தை வெட்டியெடுத்தால், மிகுந்த அளவாகப் பாதித் துணியே கிடைக்கும், மறுபாதி வீணாகும். இதற்கு மாற்று உண்டு. செங்கோண முக்கோணப் பாயின் அடி 5 மீட்டர், உயரம் 6 மீட்டர் எனக் கொள்வோம். பாதி உயரத்தில், அதாவது 3 மீட்டரில், அடிக்கு இணையாக வெட்டுக. மேல் துண்டைத் தலைகீழாகத் திருப்பி, அதன் சாய்ந்த ஓரத்தைக் கீழ்த் துண்டின் சாய்ந்த ஓரத்தோடு சேர்த்துத் தைத்தால், 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள விரிப்பு கிடைக்கும். பதினைந்து சதுர மீட்டர்த் துணியும் ஏறக்குறைய முழுமையாகப் பயன்படும். செங்கோணமில்லாத பாயை முதலில் உச்சியிலிருந்து அடிக்கு நேர்க்கோடாக வெட்டி, இரு செங்கோணத் துண்டுகளாக்கிக் கொள்க.

மூட்டில் துணி மூன்று சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இரட்டைத் தையல் போடுக. பாயின் மூலைகளும் கயிறு வைத்துத் தைத்த ஓரங்களும் மிக உறுதியானவை. இயன்றவரை அவற்றை வெட்டாமல் காத்தல் நலம். கட்டுவதற்குத் துணியில் துளையிட வேண்டுவதில்லை. உருண்டைக் கூழாங்கல்லைத் துணியில் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கினால் கிழியாமல் நிற்கும்.

5. உபயோகங்கள்

களத்து விரிப்பு: மேற்கூறிய விரிப்பில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் ஏறக்குறைய 250 கிலோ நெல் காயும். அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுதல் வேண்டும். மீன் உலர்த்தும் பாயைத் தனியே ஒதுக்குக. அதனைத் தானியத்துக்கு உபயோகிக்கலாகாது.

கட்டட வேலை: பருத்திப் பாயை நனைத்துப் புதிய கான்கிரீட்டின்மேல் போர்த்தினால் ஈரம் காக்கும். சாதாரண சிமென்ட்டுக்கு ஏழு நாளும், கலப்பு வகைச் சிமென்ட்டுக்குப் பத்து நாளும் குறையாமல் நனைக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை 456 (2000) கூறுகிறது. உப்பு நீங்காத பாயை இதற்கு இடலாகாது. உப்பு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அரித்துவிடும்.

நிழலும் மறைப்பும்: காய்கறி நாற்றங்காலுக்கு நிழலாகவும், ஆட்டுக் கொட்டிலில் சாரல் மறைப்பாகவும் கட்டலாம். மழையைத் தடுக்கக் கட்டினால் நீர் வழிந்தோடுமாறு நல்ல சரிவு வைக்க வேண்டும். பருத்திப் பாயில் நீர் ஊறுமாதலால் அது வைக்கோற்போருக்கு மேற்போர்வையாகாது. செயற்கைத் துணியின் கிழிசல்களை மாடு மெல்லாதபடி பார்த்துக்கொள்க; அவை வயிற்றில் தங்கித் தீங்கு செய்யும்.

6. பஞ்சாயத்தின் கடமை

தனியொருவருக்கு ஆண்டில் சில நாளே விரிப்புத் தேவைப்படும். ஆதலால் கரையோரப் பஞ்சாயத்துகள் பழைய பாய்களைச் சேகரித்து அலசித் தைத்து, அண்டை ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு அளிக்கலாம். பெறும் பஞ்சாயத்து அவற்றுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் குறித்து, முறை வைத்துச் சிறு விவசாயிகளுக்கு வழங்குக. தையல் வேலை சுய உதவிக் குழு மகளிருக்கு வருமானமும் தரும். ஆவணி மாதத்திலேயே விரிப்புகளைச் சோதித்துச் செப்பனிட்டு வைத்தல் நன்று.

முற்றும் நைந்துபோன பாயைப் பற்றியும் முடிவு செய்தாக வேண்டும். பூச்சு எதுவும் இல்லாத பருத்தித் துணியைச் சிறு துண்டுகளாக்கி எருக்குழியில் இடலாம். செயற்கைத் துணியைக் கொளுத்தலும் ஆகாது. வயலில் புதைத்தலும் ஆகாது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இதில் பொறுப்பளித்துள்ளன. எனவே அதனைத் தனியே சேர்த்து, கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

வரும் ஐப்பசிக்குள் ஒவ்வொரு கரையோரப் பஞ்சாயத்தும் தன் ஊரில் கிடக்கும் பாய்களை எண்ணிப் பார்க்குமாயின், மழைக்கு அஞ்சிச் சாலையோரம் நிற்கும் உழவர் சிலரேனும் அவ்வச்சம் நீங்குவர்.