பிள்ளை கையில் போன்: வீட்டில் நாம் என்ன செய்யலாம்?



குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு இப்போது பல ஊர்களில் ஒரே பேச்சுதான். "போன் இல்லைன்னா ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குது மேடம்."

2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது, பாடம் படிக்கத்தான் பல வீடுகளில் போன் பிள்ளை கைக்கு வந்தது. கடன் வாங்கி போன் வாங்கிய உறுப்பினர்களும் உண்டு. பள்ளி திறந்தாச்சு, போன் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

முதலில் சின்னக் குழந்தைகள். இரண்டு வயது வரை டிவி, போன் எதுவும் வேண்டாம் என்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் பரவாயில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஏன்? நம் முகத்தைப் பார்த்து, நாம் பேசுவதற்குப் பதில் சொல்லித்தான் குழந்தை பேசப் பழகுகிறது. போன் தானே பேசிக்கொண்டிருக்கும், பதில் கேட்காது. போனைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. நிறுத்தினால் சில நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். அந்த நாட்களில் பாட்டி, தாத்தா உள்பட வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். ஒருத்தர் இரக்கப்பட்டுக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கண்டுகொள்ளும்.

பள்ளி போகும் பிள்ளைக்குத் தூக்கமும் கண்ணும்தான் முக்கியம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி அடுப்படி அலமாரியில் சார்ஜ் போட்டுவிடுங்கள். தினமும் வெளிச்சத்தில் ஓடியாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. சாயங்காலம் தெருவில் பாண்டி, கபடி விளையாட விடுங்கள். நாம் மட்டும் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை சீரியல் பார்த்துக்கொண்டு "படிடா" என்றால் எடுபடாது, இதையும் சொல்லித்தான் ஆகணும்.

இன்னொன்று, பணம். நம்மில் பலருக்குப் போனில் பணம் அனுப்பத் தெரியாது. பிள்ளையைக் கூப்பிட்டு ரகசிய எண்ணைச் சொல்லி அனுப்பச் சொல்கிறோம். தவணைக்கு வைத்திருந்த பணம் விளையாட்டுக்குப் போய்விட்டால், அந்த மாதம் குழுவில் நாம் என்ன சொல்வது? பையனை அடித்துப் பயனில்லை. எண்ணை அவனுக்குச் சொன்னதே நாம்தானே. இன்றைக்கே எண்ணை மாற்றுங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்து சொல்லித்தரட்டும், எண்ணை நீங்களே அழுத்துங்கள். பத்து ரூபாய் அனுப்பிப் பழகினால் நாலு நாளில் வந்துவிடும். யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டிலும் போன் இல்லை என்று பேசி முடிவெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே சட்டம் என்றால் நம் பிள்ளை அடம் பிடிப்பது பாதியாகக் குறையும். ஒரு மாதம் கழித்து நாங்கள் வரும்போது எப்படிப் போகிறது என்று கேட்போம்.