ஹார்டு டிஸ்க் என்ன சொல்லுது? பிழைச் செய்திகளைப் புரிஞ்சுக்குவோம்!



நம்ம சானமாவு காட்டுக்கு யானைக் கூட்டம் வந்தால் வனத்துறை எச்சரிக்கை செய்யும். அதைக் கேட்டு நடப்பவர்கள் பத்திரமா வீடு சேருவாங்க. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கும் கெட்டுப் போகும் முன் பல நேரம் ஒரு செய்தி காட்டும். நாம என்ன செய்றோம்? ஆங்கிலத்தைப் பார்த்துப் பயந்து, "ஃபார்மட் அடிச்சிடலாம்"னு சொல்லிடுறோம். அடிச்சால் குடும்ப போட்டோ, புராஜெக்ட், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ் எல்லாம் போச்சு!

உள்ளே என்ன இருக்கு?

காந்தப் பூச்சு பூசிய வட்டத் தகடுகள், நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும். 'ஹெட்' என்ற முனை தகட்டில் படாமல் மிதந்தபடி படிக்கும், எழுதும். தகடு முழுக்க 'செக்டர்' என்ற சிறு கட்டங்கள். பழைய டிஸ்க்கில் ஒரு செக்டருக்கு 512 பைட், புதியதில் 4096 பைட்.

இதை ஒரு நோட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. பிழைச் செய்தி வந்தால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நோட்டு கிழிஞ்சிருக்கா, இல்லை எழுத்து மட்டும் குழம்பியிருக்கா?

எழுத்து குழம்பினால்

1. 'நோ சச் பார்ட்டிஷன், கிரப் ரெஸ்க்யூ': தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. நம்ம அண்ணன், அக்கா வாங்கியது சில வீடுகளில் இன்னும் இருக்கும். "லினக்ஸ் எதுக்கு, இடம் வீண்"னு அந்தப் பகுதியை அழிச்சால் இந்தச் செய்தி வரும். காரணம், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் 'கிரப்' நிரலின் மீதிப் பாகம் அங்கேதான் இருந்தது. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. தொடங்கும் பகுதியைச் சரி செய்தால் போதும், ஃபார்மட் வேண்டாம்.

2. 'செக்கிங் ஃபைல் சிஸ்டம்': எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்த ஃபைல் எங்கே இருக்கு என்ற அட்டவணை பாதியில் நின்றுவிடும். அதனால் அடுத்த முறை விண்டோஸ் தானாகச் சரிபார்க்கும். பொறுமையா முடிய விடுங்க. ஆனா கரண்ட் போகாமலே அடிக்கடி வந்தால் சந்தேகப்படணும்.

நோட்டே கிழிந்தால்

3. 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்': மார்க் ஷீட்டில் பாட மதிப்பெண்களைக் கூட்டினால் கடைசியில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப் போகணும் இல்லையா? டிஸ்க்கும் ஒவ்வொரு செக்டரோடு ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதி வைக்கும். படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால் இந்தச் செய்தி. கீறல் விழுந்த சிடியிலும் வரும். ஹார்டு டிஸ்க்கில் வந்தால் அந்தச் செக்டர் பழுதாகியிருக்கலாம்.

4. 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்': டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துச் சொல்லும் எச்சரிக்கை. பொருள்: "காப்பி எடு, என்னை மாற்று."

இரண்டிலும் சேரக் கூடியது

5. 'ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்': முதலில் பென் டிரைவைக் கழற்றிப் பாருங்க. பிறகு பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரியுதா? தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துக் குழப்பம். தெரியாவிட்டால் கேபிள் அல்லது டிஸ்க்கே பழுதாக இருக்கலாம்.

செய்தி வரலைன்னா பயமில்லையா?

அப்படி நம்ப முடியாது! கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் முடிவை வெளியிட்டது. மேற்பரப்பைச் சோதித்தபோது முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் அளவிலும் ஓர் அறிகுறிகூடக் காட்டவில்லை. இப்போது வரும் எஸ்எஸ்டி-யில் சுற்றும் தகடே இல்லை. ஆனா அதுவும் திடீர்னு நின்றுவிடலாம்.

செய்ய வேண்டியவை

• 3, 4-ஆம் செய்தி வந்தால் முதலில் காப்பி. சான்றிதழ், போட்டோ, பாடம் முதலில். சினிமாப் படம் கடைசியில்.
• காப்பி எடுக்கும் முன் ஃபார்மட்டும் வேண்டாம், முழு டிஸ்க் சோதனையும் வேண்டாம். நீண்ட சோதனை பலவீனமான டிஸ்க்கை முழுசாக முடித்துவிடலாம்.
• 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே அணைச்சிடுங்க. திறந்து பார்க்காதீங்க, ஒரு தூசு போதும் தகட்டைக் கீற.
• முக்கியமான ஃபைல் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவ் இரண்டாவது இடம் ஆகாது, ஏன்னா சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான்!

யோசிங்க: உங்க வீட்டு கம்ப்யூட்டர் இன்று ராத்திரி நின்று போனால், எந்த ஃபைல் திரும்பக் கிடைக்காது? அதை இன்றைக்கே காப்பி எடுங்க.