வளவில் கேட்ட சத்தம்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது, பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு வந்தவள் வளவில் ஸ்பீக்கரை வைத்து ஒரு பாட்டுப் போட்டாள். அரிசி ஆலைக்குள் நின்று யாரோ கத்துவது போலிருந்தது. கத்தியது பெண் குரல். கேட்டதற்கு, ‘ஜெனிடார்ச்சரர்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு, 1993-ல் வந்த ஆல்பம், ‘இண்டஸ்ட்ரியல் மெட்டல்’ என்றாள். அவள் தூங்கிய பிறகு வரிகளைத் தேடிப் படித்தேன். அப்புறம் எனக்குத் தூக்கமில்லை. அவள் அப்பச்சி காதுக்கு இன்னும் போகவில்லை. இதெல்லாம் சங்கீதமா? ஒரு பெண் இப்படிப் பாடலாமா? நான் தடுக்க வேண்டுமா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: ஆச்சி, நீங்கள் சொன்ன அரிசி ஆலையிலிருந்தே தொடங்குகிறேன். இந்த இசையைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் அவ்வளவு பொருத்தமாக ஒன்றுமில்லை. பெல்ட் சுற்றுவதுபோல் மாறாமல் ஓடும் தாளம், பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஓட்டுவது. அதன்மேல் வெட்டி வெட்டி விழும், வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிதார். நடுநடுவே இரும்புச் சத்தம், சினிமா வசனத் துணுக்கு, சைரன். ஆலைச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே உங்கள் காதில் பழுதில்லை.

குழுவின் பேரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். ஆல்பத்தின் தலைப்பு, 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பிரபு மார்க்கி த சாத் எழுதிய நாவலின் பெயரைத் திருகி வைத்தது. ஜென் என்ற பெண்தான் குழுவின் தலைவி, பாடகி. மேடையில் அவர் கையில் சாட்டை இருக்கும், அடங்கிப் பணிபவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். அதிர்ச்சி கொடுப்பதற்காகவே கட்டிய நாடகம் அது. உங்களுக்குத் தூக்கம் போனது என்றால் அவர்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த வகையின் பிறப்பிலேயே ஒரு பெண் இருக்கிறார். லண்டனில் ‘த்ராபிங் கிரிஸ்டில்’ என்ற குழு 1976-ல் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்று கம்பெனி தொடங்கியது. வகைக்குப் பேர் வந்தது அதிலிருந்துதான். அந்தக் குழுவில் ஒருவர் கோசி ஃபானி டுட்டி. ஆண்கள் பத்திரிகைகளுக்கு அவர் மாடலாக நின்ற படங்களையே எடுத்து அதே வருடம் அக்டோபரில் லண்டன் கலைக்கூடம் ஒன்றில் கண்காட்சிக்கு வைத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், இவர்கள் நாகரிகத்தையே சிதைப்பவர்கள் என்று கொதித்தார். அந்தப் படங்கள் பத்திரிகையாக விற்றபோது அவர் கொதித்ததாகத் தெரியவில்லை. படத்தில் இருந்த பெண்ணே அதைச் சுவரில் மாட்டி, கீழே தன் பேரைப் போட்டதும்தான் நாகரிகம் ஆட்டம் கண்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. எல்.ஆர். ஈஸ்வரி 1968-ல் ‘பணமா பாசமா’ படத்தில் பாடிய எலந்தப்பழப் பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முகம் சுளித்தவர்களும் முணுமுணுத்தார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் குழாயில் வருவதும் அதே குரல்தான். எலந்தப்பழ வரிகளை எழுதியவர் யார்? உங்கள் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர், கண்ணதாசன். கவியரசரை யாரும் குறை சொல்லவில்லை. ‘அந்த மாதிரிப் பாட்டுப் பாடுகிறவர்’ என்ற பேர் பாடியவருக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். வள்ளி திருமணத்துக்கு முன்னால் ‘டான்ஸ் காமிக்’ வரும். டான்ஸ்காரி துள்ளி வந்து பபூன்மேல் மோதுவார், இருவரும் தர்க்கம் பண்ணுவார்கள், பபூன் இரட்டை அர்த்தத்தில் பேசுவார், முன்வரிசை ஆண்கள் சிரிப்பார்கள். விடிந்ததும் பபூன் கலைஞர். அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் வேறு மாதிரிப் பேசும். திருவிழா ஆடல் பாடலும் இப்படித்தான். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது என்று நிபந்தனை போட்டு உயர் நீதிமன்றக் கிளை அனுமதி தருகிறது. தெரு முழுக்க மைக் கட்டி நள்ளிரவு வரை நடப்பது அது. அதற்கு எந்த ஆச்சியும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

பெண் குரலில் காமம் நமக்குப் புதிதில்லை. எழுதுவது ஆண், கேட்பது ஆண், பாடுவது மட்டும் பெண் என்ற ஏற்பாடு நமக்குப் பழக்கம். க்ஷேத்ரக்ஞர் என்ற ஆண் கவி எழுதிய பதங்களில் நாயகி பேசுவதைச் சபையில் ரசிக்கிறோம். (ஆண்டாளை இங்கே இழுக்கப் போவதில்லை. இந்த மாதிரிக் கட்டுரை எழுதுகிற எல்லாரும் இழுத்து, அவளுக்கே அலுத்திருக்கும்.) அந்த ஏற்பாட்டை ஒரு பெண் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே வழக்கு இருக்கிறது.

18-ம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி என்ற தேவதாசி இருந்தார். தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்று ஒரு காவியம் எழுதினார், 584 பாடல்கள். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைத் தானே கிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள், பிறகு பொறாமையில் வேகிறாள், கிருஷ்ணன் வந்து சமாதானம் செய்கிறான். கூடலில் முந்துவது அவள், கேட்பதும் அவள். 19-ம் நூற்றாண்டில் அச்சிட்டவர்கள் கூச்சமான பாடல்களை நீக்கிவிட்டே அச்சிட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து 1910-ல் முழுதாகப் பதிப்பித்தார். சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் வாயில் வரக்கூடிய சொற்களா இவை என்று தாக்கினார். நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்குக் கிடையாதா என்று அம்மாள் திருப்பிக் கேட்டார். 1911-ல் சென்னை மாகாண அரசு தடை போட்டது, போலீஸ் பிரதிகளைப் பறித்தது. 1947-ல் டி. பிரகாசம் முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. பெண்களைத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த சென்னைச் சட்டம் வந்ததும் அதே 1947-ல். புத்தகம் வெளியே வந்த வருடம், அதை எழுதியவரின் வழி முடிந்தது.

நாகரத்தினம்மாள் யார் தெரியுமல்லவா? திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர், ஆராதனையில் பெண்கள் பாட இடம் வாங்கிக் கொடுத்தவர். பக்தியும் அந்தப் புத்தகமும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருந்தன.

இதையெல்லாம் சொல்வதால் ஜென் அம்மையாரை முத்துப்பழனியோடு ஒரே பலகையில் உட்கார வைப்பதாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதம் வந்தபின் அந்த ஆல்பத்தை இன்னொரு தடவை முழுதாகக் கேட்டேன். இது சங்கீதமா என்றால் ஆம். நல்ல சங்கீதமா என்றால் சுமார். கிதார் வேலை அந்தக் காலத்து த்ராஷ் மெட்டல் குழுக்களிடம் வாங்கிய கடன். அதிர்ச்சியைக் கழித்துவிட்டால் மனசில் நிற்கிற மெட்டு குறைவு. அதிர்ச்சிக்கு ஆயுளும் கொஞ்சம்தான், முப்பது வருடம் கழித்துப் பாதி இடங்களில் சிரிப்பு வருகிறது. கம்பெனி இதை விற்றது பெண் விடுதலைக்காகவும் இல்லை. முத்துப்பழனியில் ராதையின் வயிற்றெரிச்சல் இருக்கிறது, வயசாகிறதே என்ற பயம் இருக்கிறது. இங்கே சாட்டை மட்டும்தான்.

தடுக்கலாமா? 23 வயசுப் பெண்ணை எப்படித் தடுப்பீர்கள்? சட்டமும் உங்கள் பக்கம் வராது. பாரதிய நியாய சன்ஹிதா 296-வது பிரிவு, பொது இடத்தில் அல்லது அதன் அருகில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டுப் பாடுவதைத்தான் குற்றம் என்கிறது. ஹெட்போனுக்குள் அதற்கு வேலையில்லை. ஜெர்மனி அரசே 2009-ல் ராம்ஸ்டைன் என்ற ஆண்கள் குழுவின் ஆல்பத்தைச் சிறுவர் கையில் படக்கூடாத பட்டியலில் வைத்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது.

இதில் உனக்கு என்ன பிடிக்கிறது என்று ஒரு தரம் கேளுங்கள். விசாரணைக் குரல் வேண்டாம், பணியாரம் ஊற்றிக்கொண்டே கேளுங்கள். டிரம்ஸ் என்று சொன்னால் டிரம்ஸ்தான், அதற்குள் வேறு எதையும் தோண்டாதீர்கள். முத்துப்பழனியின் காவியம் 2011-ல் சந்தியா முல்சந்தானி மொழிபெயர்ப்பில் பெங்குவின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அவளுக்கு வாங்கி அனுப்புங்கள், அனுப்பும் முன் நீங்களும் படியுங்கள். மறுபடி ஒரு ராத்திரித் தூக்கம் போகலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்பச்சிக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் ஸ்பீக்கரை வளவில் வைக்க வேண்டாம் என்று மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்காய்த் தேய்த்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் தூண். சத்தம் மோதி மோதித் திரும்பி, அந்தக் கிதார் கூழாகிவிடும். நாதஸ்வரத்துக்குக் கட்டிய இடம் அது. மெட்டல் கேட்க மாடி அறை தேவலை, கதவைச் சாத்திக்கொண்டு.