ஆய்வுக்கு வரும் இளங்கலை மாணவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பேராசிரியரின் ஆய்வில் கூடமாட வேலை செய்து பழகப் போகும் பி.எஸ்சி., பி.ஏ. மாணவர்களுக்கான குறிப்புகள் இவை. தேர்வுக்காகப் படிக்கும்போது நம்மிடம் ஒட்டிக்கொண்ட சில பழக்கங்களை ஆய்வுக்கு வந்ததும் விட வேண்டியிருக்கிறது. அதுதான் இதில் கடினமான பகுதி.

1. இறுதியாண்டு ப்ராஜெக்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "ஏதாவது ப்ராஜெக்ட் கொடுங்க சார்" என்று கேட்பதைவிட, "மேடம், உங்க லேப்ல இப்ப நடக்கிற வேலைக்குச் சனிக்கிழமைகள்ல வந்து உதவட்டுமா?" என்று கேட்பது நல்லது. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். தாம் ஆசையாகப் படித்த இயற்பியல் அதற்குள் மாறிவிட்டது என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. அச்சுக்குப் போயிருந்த தம் கட்டுரையின் மெய்ப்புப் படியைச் சாமர்ஃபெல்ட் அவரிடம் கொடுத்தார். அந்த உந்துதலில் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. அப்போதும் அவர் பட்டப்படிப்பு மாணவர்தான். கேட்பதற்குக் கூச்சப்படும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

2. வெளியூர் நிறுவனங்களில் கோடை விடுமுறை ஆய்வுக்குப் போக விரும்பினால், தீபாவளிக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகியவையும் மாணவர்களை எடுக்கின்றன. பரிந்துரைக் கடிதத்துக்கும் போனஃபைடு சான்றிதழுக்கும் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் துறைத்தலைவரின் கையெழுத்து கிடைப்பது எளிதல்ல.

3. பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புமுன் அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிடுங்கள். அதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டு எழுதினால், மொத்தமாக நாற்பது பேருக்கு அனுப்பும் கடிதத்திலிருந்து உங்கள் கடிதம் தனித்துத் தெரியும்.

4. கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. சுருக்கத்தைப் படித்ததும் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போங்கள். அவை என்ன சொல்கின்றன என்று நீங்களாகவே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, ஆசிரியர்கள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்முறைப் பகுதியை மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் கற்க வந்ததே அந்தப் பகுதியைத்தான்.

5. பைண்டு செய்த நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கங்களுக்கு எண் போட்டு, தேதியிட்டு, பேனாவால் எழுதுங்கள். தவறானதை ஒரே கோட்டால் அடியுங்கள். அடித்தது படிக்கும்படி இருக்கட்டும். தாளைக் கிழிக்க வேண்டாம். துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு மாலையில் அழகாகப் பெயர்த்து எழுதும் ரெக்கார்டு நோட்டுப் பழக்கம் இங்கே உதவாது. அன்றைய வெப்பநிலை, வேதிப்பொருளின் லாட் எண், நடுவில் மின்சாரம் போன நேரம் எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். உங்களைப் பார்த்திராத ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்ய முடிந்தால் போதும், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

6. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. கூட்டு ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரவில்லை என்றால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது நம் கல்லூரிகளில் காலங்காலமாக நடக்கிறது. மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சரியான விடைக்குத்தான் மதிப்பெண் என்று பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். ஆய்வில் விடை யாருக்குமே முன்கூட்டித் தெரியாது. அதனால் கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதுங்கள். எதிர்பாராத எண் வந்தால் அதைச் சுற்றி வட்டமிட்டு, அன்றே போய் ஆசிரியரிடம் காட்டுங்கள். "தப்பா வந்திருக்கு மேடம்" என்று சொல்லாமல், "இப்படி வந்திருக்கு, ஏன்னு தெரியலை" என்று சொல்லிப் பழகுங்கள். காரணம் கருவியின் பழுதாக இருக்கலாம், உங்கள் கையாக இருக்கலாம், உண்மையிலேயே புதிதாக ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். எண்ணை மாற்றி எழுதிவிட்டால் இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போய்விடும்.

7. மைக்ரோபிப்பெட் பிடித்துப் பழக விலையுயர்ந்த கரைசலைத் தொடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து எலக்ட்ரானிக் தராசில் விடுங்கள், ஏறக்குறைய 0.1 கிராம் காட்ட வேண்டும். பத்து முறை செய்து பாருங்கள். எண்கள் முன்னும் பின்னும் அலைந்தால் கட்டைவிரலை மெதுவாக விடக் கற்க வேண்டும். பத்தும் ஒரே அளவில் குறைந்தாலோ கூடினாலோ பிப்பெட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நுனியில் திரவம் இருக்கும்போது பிப்பெட்டைப் படுக்கவைக்கக் கூடாது.

8. சந்தேகங்களை முதலில் ஸ்காலர் அக்காவிடமோ அண்ணனிடமோ கேளுங்கள். பேராசிரியரைவிட அவர்கள்தான் அந்தக் கருவியோடு நாள் முழுக்க இருப்பவர்கள். அவர்கள் மும்முரமாக இருக்கும்போது இடைமறிக்காமல், கேள்விகளைச் சேர்த்து வைத்துத் தேநீர் வேளையில் கேட்கலாம். ஆனால் பாதுகாப்பு பற்றிய கேள்வி காத்திருக்கக் கூடாது.

9. அமிலத்தைத்தான் தண்ணீரில் மெல்ல ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பருத்தி உடை, மூடிய செருப்பு, கட்டிய முடி. கையுறையோடு செல்போனைத் தொட வேண்டாம்.

10. தாவரம் சேகரிப்பவர்கள் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இடம், தேதி, பூவின் நிறம் ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். காய்ந்தபின் நிறம் தெரியாது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு கல்லூரி வளாகத்துக்குள்ளேயே எவ்வளவு பெரிய ஆய்வு வளர முடியும் என்பது அங்கே தெரியும்.

11. வரலாறு, இலக்கிய மாணவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கோ போகும்போது பென்சில் கொண்டுபோங்கள். பழைய தாளுக்குப் பக்கத்தில் பேனா மை ஆபத்து. பக்க எண்ணையும் கோப்பு எண்ணையும் எழுதிய பிறகே மேற்கோளை எழுதத் தொடங்குங்கள்.

12. கருத்துக்கணிப்பு நடத்துபவர்கள் கேள்வித்தாளை முதலில் ஐந்தாறு பேரிடம் படித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்வியில் அவர்கள் "என்ன கேக்குறீங்க?" என்கிறார்களோ அதைத் திருத்துங்கள். சம்மதம் கேட்காமல் தொடங்க வேண்டாம். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

13. மூலத் தரவைத் திருத்தாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கணினியே அவற்றை வரிசைப்படுத்திவிடும். "ஃபைனல்", "புது ஃபைனல்" என்ற பெயர்களால் யாருக்கும் பயனில்லை. பென்டிரைவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

14. கட்டுரையில் உங்கள் பெயர் வருமா, நன்றியுரையில் வருமா என்பதைத் தொடக்கத்திலேயே மரியாதையாகக் கேட்டுவிடலாம். அது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில் போடாதீர்கள். அதில் வந்த கட்டுரை பின்னாளில் உங்களுக்கே பாரமாகும்.

15. கிளம்பும் வாரத்தில் புதிய சோதனை எதையும் தொடங்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் உங்கள் பெயர் எழுதிய குப்பிகளில் எதை வைப்பது, எதை அப்புறப்படுத்துவது என்று ஸ்காலரிடம் கேட்டு முடியுங்கள். நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம். அனுமதி வாங்கிக்கொண்டு உங்களுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, நோட்டின் முதல் தாளில் ஒட்டிவிட்டு வாருங்கள்.