வீடிழந்தோரும் தீர்க்கதரிசிகளின் குரலும்

தியானப் பகுதி: மீகா 2:1-10, எரேமியா 22:13-17, எசேக்கியேல் 3:10-17

தீர்க்கதரிசன ஆகமங்களை வாசிக்கும் விசுவாசிகள் பெரும்பாலும் இரண்டு காரியங்களையே தேடுகின்றனர். ஒன்று மேசியாவைக் குறித்த முன்னறிவிப்பு. மற்றொன்று கடைசிக்கால அடையாளங்கள். இவ்விரண்டும் அவற்றில் உண்டு. ஆயினும் தீர்க்கதரிசிகள் முதலாவது தங்கள் காலத்து ஜனங்களிடமே பேசினார்கள். வயல், வீடு, கூலி, தராசு, நியாயஸ்தலம் ஆகியவை அவர்கள் செய்தியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்செய்தி இன்றைய கிறிஸ்தவனுக்கு உணர்த்துவது என்ன? தலைநகரில் தமிழருக்கு நேரிட்ட ஒரு சம்பவத்தோடு சேர்த்து இதனைத் தியானிப்பது தகும்.

மதராசி கேம்ப்

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயின் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற எளிய மக்கள் பல பத்தாண்டுகளாக அங்கே குடியிருந்தனர். பெண்கள் பலர் அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்தனர். பிள்ளைகள் பலர் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயின்றனர். குடிசைகள் கால்வாயின் நீரோட்டத்தைத் தடுப்பதால் மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்ற காரணத்தால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என முதலில் அறிவிக்கப்பட்டது. அவ்வீடுகளும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவில் இருந்தன. வேலையும் பள்ளியும் ஒருபுறம், வீடு மறுபுறம் என்றாயிற்று.

1. மீகா: தேவன் காண்கிறார்

பிறருடைய வயல்களையும் வீடுகளையும் இச்சித்துப் பறித்துக்கொண்டவர்களை மீகா கண்டித்தார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஸ்திரீகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அவர் தனியே குறிப்பிடுகிறார் (2:9). மீகா கண்டது பேராசைக்காரரின் அபகரிப்பு. மதராசி கேம்பில் நடந்தது நீதிமன்ற உத்தரவின் நிறைவேற்றம். இரண்டும் ஒன்றெனச் சொல்லலாகாது. வெள்ளத்தைத் தடுப்பதும் அரசின் கடமையே. ஆயினும் வீட்டை இழந்த தாயின் துயரமும் பிள்ளையின் நஷ்டமும் இரண்டிலும் ஒன்றே. சட்டப்படி நடந்ததா என்பதோடு உலகம் நின்றுவிடுகிறது. எளியவனுக்கு என்ன ஆயிற்று என்று தீர்க்கதரிசி கேட்கிறார்.

2. எரேமியா: தேவனை அறிவது

யோயாக்கீம் கூலி கொடாமல் வேலை வாங்கி விசாலமான மாளிகையைக் கட்டினான். அவனுடைய தகப்பன் யோசியாவோ ஏழைகளின் வழக்கில் நியாயம் செய்தான். அவ்வாறு செய்வதே தேவனை அறிந்திருப்பதன் அடையாளம் என்று எரேமியா விளக்குகிறார் (22:16). இன்று ஏழையின் வழக்கு பெரும்பாலும் காகிதங்களால் தீர்மானிக்கப்படுகிறது. ஆவணத்தில் பெயரோ விலாசமோ பிழைபட்டால், பல்லாண்டு வாழ்ந்தவனும் பட்டியலுக்கு வெளியே நிற்க நேரிடும். அவனுக்காக மனு எழுதிக் கொடுப்பதும், அலுவலகத்துக்கு உடன் செல்வதும் ஆவிக்குரிய ஊழியத்துக்குப் புறம்பானவை அல்ல.

3. எசேக்கியேல்: உடன் அமர்தல்

சிறைப்பட்டுப்போன ஜனங்கள் கேபார் நதியண்டையில் தங்கியிருந்தனர். அவர்களிடம் வந்த எசேக்கியேல் உடனே பிரசங்கிக்கவில்லை. ஏழுநாள் அவர்கள் நடுவே திகைத்து அமர்ந்திருந்தார் (3:15). அதன் பின்னரே காவலாளனுக்குரிய வார்த்தை அவருக்கு அருளப்பட்டது. வீடிழந்தவனிடம் முதலில் ஆலோசனை கூறுவது எளிது; அவன் சொல்வதைக் கேட்டு உடனிருப்பது கடினம். இக்கடினமான ஊழியத்துக்கே சபை அழைக்கப்பட்டிருக்கிறது.

இயேசு கிறிஸ்து நாசரேத்தில் ஏசாயாவின் புஸ்தகத்தை விரித்து, தரித்திரருக்கு நற்செய்தி அறிவிக்கும் அவ்வாக்கு தம்மில் நிறைவேறிற்று என்றார் (லூக்கா 4:16-21). ஆகையால் தீர்க்கதரிசிகளின் நீதிக்குரல் ஒருபுறமும் கிறிஸ்துவின் சுவிசேஷம் மறுபுறமும் நிற்பவை அல்ல. தமக்கென வீடில்லாதிருந்த ஆண்டவரைப் பின்பற்றுகிறவர்கள், வீடிழந்தவர்களைக் கடந்து ஆராதனைக்குச் செல்ல இயலாது.

சிந்தனைக்கு:

1. உங்கள் ஆலயத்துக்கு அருகிலுள்ள குடிசைப் பகுதியில் எத்தனை குடும்பங்களை உங்கள் சபை அறிந்திருக்கிறது?

2. விண்ணப்பம் எழுத அறியாதவருக்கு உதவ, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடியவர் உங்கள் சபையில் யார்?

3. வேலையும் பள்ளியும் தொலைவாகிப்போன குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தினமும் ஜெபியுங்கள்.