அப்பா அம்மாவை ஒரு இல்லத்தில் விடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?



முன்பெல்லாம் நமது லயங்களில் இந்தப் பேச்சே இருந்ததில்லை. மலைக்குப் போகும் மருமகள் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவாள். மாமியார் படுக்கையில் விழுந்தால் பக்கத்துக் காம்பராக்காரி கஞ்சி கொடுப்பாள். இன்றைக்கு மாவனல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் வயதானவர்கள் மட்டும் இருக்கிற காம்பராக்கள் எத்தனையோ. மகன் கொழும்பில் கடை வேலை, மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை, பக்கத்துக் காம்பராவும் பூட்டிக் கிடக்கிறது. ஆகவேதான், "அம்மாவ ஒரு இல்லத்துல விட்டுடலாமா?" என்று நம்மிடம் மெதுவாகக் கேட்கிறார்கள்.

இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் லயத்தில் தனியே கிடப்பதைவிட நல்ல இல்லம் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கெட்ட இல்லம் லயத்தைவிட மோசம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதுதான் இந்தப் பாடம்.

முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு இல்லத்தின் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். டைல்ஸ் போட்ட தரை, பூச்சாடி, சாமிப் படம், ஒபீசில் ஒரு நல்ல மனுசி. விறாந்தையில் நடக்கக்கூடிய நாலைந்து பாட்டிமார் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு "நல்ல எடம்தான்" என்று திரும்பி வந்துவிடக் கூடாது. நடக்கிறவர் தானே போய்த் தண்ணீர் குடித்துக்கொள்வார், தானே மலசலகூடம் போவார், எந்த இடத்திலும் ஓரளவு சமாளிப்பார். ஒரு இல்லத்தின் தரம் எழும்ப முடியாதவரின் உடம்பில்தான் எழுதியிருக்கிறது. ஆகவே பின்பக்கத்து அறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

அங்கே போனவுடன் மூக்கு முதலில் சொல்லும். காலையில் ஒருவர் படுக்கையை நனைத்த வாடை எங்கேயும் வரும்; அரை மணித்தியாலம் கழித்தும் அதே வாடை அடித்தால் துடைக்க ஆளில்லை என்று அர்த்தம். எங்கு பார்த்தாலும் டெட்டோல் வாசம் மட்டும் தூக்கலாக அடித்தாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது படுக்கைப் புண். ஒரே பக்கம் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் தோல் நசுங்கி, இரத்தம் ஓடாமல் செத்துப்போகும். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை, காது மடல் ஆகியவைதான் அது வரும் இடங்கள். ஆரம்பத்தில் புண்ணாகத் தெரியாது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பும் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ, தொட்டால் சூடாகவும் கெட்டியாகவும் இருக்கும். அங்கேயே கவனித்தால் மாறும். விட்டால் எலும்பு தெரியும்வரை போகும், கிருமி ஏறி உயிரையும் எடுக்கும்.

இதைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் புண்ணுக்குப் பூசாத மருந்தில்லை. இங்கிலாந்தில் டொரீன் நோர்ட்டன் என்ற தாதி வேறு இருவரோடு சேர்ந்து முதியோர் வார்டுகளில் ஆராய்ச்சி செய்தார். அது 1962இல் வெளியானது. பூச்சு மருந்தைவிட, நோயாளியை நேரத்துக்கு நேரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதுதான் புண்ணைத் தடுக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். சாதாரணமாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று சொல்லிக் கொடுப்பார்கள். இதற்குப் பெரிய மெசினோ படித்த டொக்டரோ தேவையில்லை, இரண்டு கையும் பொறுப்பும் போதும். அதனால்தான் புண் நல்ல அளவுகோல். புண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்கிறவர்களும் உண்டு. உடனே இல்லத்தின் மேல் பழி போடக் கூடாது. "இங்க வந்த பிறகு யாருக்காவது புண் வந்திருக்கா? திருப்பிப் போடுற நேரத்த எழுதி வைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். எழுதுகிற கொப்பி இருந்தால் எடுத்துக் காட்டுவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய், சொல்லாமல் நில்லுங்கள். தட்டைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய், அரை மணித்தியாலம் கழித்து அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போகிற இல்லத்தில் "சாப்பாடு கொடுத்தோம்" என்று கொப்பியில் இருக்கும், வயிற்றில் இருக்காது. ஊட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு திணிக்கிறாரா? படுத்தபடி ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். முதுகை நிமிர்த்தி வைக்க வேண்டும். தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் கடுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. அடிக்கடி சிறுநீர் போவார் என்று பயந்து தண்ணீரைக் குறைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு, வீடுகளிலும் உண்டு. அது பெரிய தவறு. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுத வேண்டும். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டிய குறைச்சல்.

பகல் பத்து மணிக்கு எல்லாரும் தூங்குகிறார்களா? வயசானவர்கள் ஒரு கண் அசருவது வேறு. கூப்பிட்டாலும் கண் திறக்காமல் வாயோரம் எச்சில் வடியக் கிடப்பது வேறு. தொந்தரவு கொடுக்காமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதிய மருந்தையும் அங்கே கொடுக்கிற மருந்தையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையைச் சேலையால் கட்டிலோடு கட்டியிருந்தால், "விழுந்துடுவாங்கன்னுதான்" என்பார்கள். இந்த இடத்தில் தமிழ்நாட்டு ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தர்காவைச் சுற்றி மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் இல்லங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை அதில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் குடும்பத்தார்தான். குணமாகட்டும் என்று நம்பி விட்டவர்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் அங்கிருந்த அப்படிப்பட்ட இல்லங்களை மூடியது. கட்டிவைத்த ஒருவரை நீங்கள் பார்த்தால், யார் சொல்லிக் கட்டினார்கள், எத்தனை மணித்தியாலம், எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.

நெருப்பு மட்டுமல்ல, நமது பக்கத்தில் மலையும் இருக்கிறது. 2016 மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது நமக்கு மறக்காது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கத்துத் தோட்ட லயமும் புதைந்தது. ஆகவே மலைச்சரிவில் இருக்கிற இல்லத்தில் கேளுங்கள்: மண்சரிவு எச்சரிக்கை வந்தால் படுக்கையில் இருப்பவர்களை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோவது? இராத்திரி எத்தனை பேர் வேலையில் நிற்கிறார்கள்? பகலில் ஆறு பேர் இருந்தால் நமக்குச் சந்தோசம். ஆனால் இராத்திரி இருபது கட்டிலுக்கு ஒருவர் மட்டும் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவதெல்லாம் வெறும் பேச்சு.

இனி நமக்கே உரிய ஒரு கஷ்டம், பாசை. நமது மாவட்டத்தில் நாம் போகக்கூடிய இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். அதில் பிழையில்லை; அன்பான கைக்குப் பாசை கிடையாது என்பதும் உண்மைதான். "எங்கம்மாவுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும், கடைக்கெல்லாம் போவாங்களே" என்று சொல்வீர்கள். ஆனால் மறதி நோய் வந்தவர்களுக்குப் பிறகு படித்த பாசை முதலில் போய், தாய்ப்பாசை கடைசிவரை நிற்பது பல நாடுகளில் கண்ட விசயம். "தாகமா இருக்கு" என்று அம்மா முனகுவதை வெறும் புலம்பல் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நோவு எங்கே என்று சொல்ல முடியாத நோயாளிக்கு எந்த டொக்டராலும் மருந்து கொடுக்க முடியாது.

இதற்கு வீட்டிலுள்ள பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து ஒரு வேலை செய்யலாம். தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு, குளிருது, பசிக்குது, மூச்சு முட்டுது, வேணாம் ஆகிய தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் அதன் சிங்கள அர்த்தத்தையும் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். அம்மாவை என்ன பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்த நாளில் மச்சம் சாப்பிட மாட்டார், மாட்டிறைச்சி ஆகுமா ஆகாதா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒட்ட விடமாட்டேன் என்கிற இல்லம் வேண்டவே வேண்டாம். வெற்றிலைப் பெட்டியைப் பற்றியும் பேசிவிடுங்கள். வாய்க்குக் கெடுதல்தான், நாமே பல தடவை எழுதியிருக்கிறோம். ஆனாலும் எண்பது வயதில் முதல் நாளே அதைப் பறித்தால் சாப்பாடே இறங்காது.

இப்போது பத்திரங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. நர்சிங் ஹோம் என்று பெயர்ப்பலகை போட்டு வைத்தியமும் செய்வதாகச் சொன்னால், அது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். பதிவு இருந்தால் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2008 முதல் ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் அரசாங்கமே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. அங்கேயும் அந்தக் கணக்கில் ஒரு பகுதி இல்லமே எழுதிக் கொடுப்பதுதான். நேரில் போய்ப் பாருங்கள் என்றுதான் அங்கேயும் குடும்பங்களுக்குச் சொல்கிறார்கள்.

காசு விசயம். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்த நேரம் பார்த்து, "மொத்தமா கட்டிடுங்க, கடைசிவரைக்கும் நாங்க பாத்துக்குறோம்" என்று கேட்கிற இடங்கள் உண்டு. முப்பது நாற்பது வருசம் கொழுந்து பறித்த காசு அது. மாதாமாதம் கட்டுகிற இடமே நல்லது. பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். மொத்தமாகக் கட்டினால் திருப்பித் தருவார்களா, இடையில் இறந்துவிட்டால் மிச்சம் யாருக்கு, பேம்பர்ஸ், மருந்து, வாகனச் செலவு எல்லாம் சேர்த்தா வேறா என்று எழுத்தில் வாங்குங்கள். சிங்களத்தில் எழுதிய பத்திரமென்றால் நம்பிக்கையான ஒருவரிடம் வாசித்துக் கேட்காமல் கையொப்பமோ பெருவிரலோ வைக்காதீர்கள். சாவு நேர்ந்தால் யாருக்கு அறிவிப்பார்கள், உடலை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: மேலே சொன்ன 2000ஆம் ஆண்டுச் சட்டமே, பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்றும் சொல்கிறது. தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் அதற்கென்றுள்ள பராமரிப்புச் சபையில் பிள்ளைகளிடம் பணம் கோரலாம். இல்லத்தில் விட்டதோடு இது முடிந்துவிடாது.

விட்ட பிறகு முதல் மாதம் முக்கியம். குடும்பத்தில் ஆளுக்கொரு முறையாக, ஒருவர் காலையில், ஒருவர் பின்னேரம், ஒருவர் போயா லீவில் என்று நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். போனால் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள், நகம் வெட்டியிருக்கிறதா பாருங்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வேலை செய்யும் பெண்களோடு நல்லவிதமாகப் பேசுங்கள். அவர்களுக்கும் நம்மைப் போலவே குறைந்த சம்பளம்தான். நல்ல இல்லத்தில் பழைய முகங்கள் நிலைத்திருக்கும். மாதத்துக்கு மாதம் ஆள் மாறுகிற இடத்தில் ஏதோ ஒரு கோளாறு உண்டு.

தவறு கண்டால் முதலில் பொறுப்பாளரிடம் சொல்லி, சொன்ன திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் திருந்தாவிட்டால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். சமூக சேவை உத்தியோகத்தரையோ முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ கேளுங்கள். புண்ணோ காயமோ இருந்தால் அதற்கெல்லாம் காத்திராமல் அன்றைக்கே மாவனல்லை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். டொக்டர் எழுதுகிற துண்டுதான் பிறகு சாட்சி. பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அந்தத் துண்டு, திகதி குறித்த தாள், போனில் எடுத்த படம், இல்லத்தோடு செய்த எழுத்து, அம்மாவின் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிடாமல் போட்டோ கொப்பியை மட்டும் கொடுத்து, வாங்கியதற்கு ஒரு கையொப்பம் கேளுங்கள்.